பெட்டியில் போட்ட 150 பி.எஸ்.ஐ. யாருக்கு வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணலிலும் மலைத்தடத்திலும் ஓட்டுவதற்கென்று மஹிந்திரா தார், இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளை வாங்குகிறவர்கள் கையோடு வாங்கும் இன்னொரு பொருள், எடுத்துச்செல்லக்கூடிய ஏர் கம்ப்ரசர். கடையிலும் சரி, இணையத்திலும் சரி, அதை விற்கக் காட்டும் எண் ஒன்றே ஒன்றுதான்: 150 பி.எஸ்.ஐ. (பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). இந்த வண்டிகளின் டயருக்குச் சாலையில் 35-ஐ ஒட்டித்தான் காற்று தேவை. பாரம் ஏற்றிய பிக்கப்பின் பின் டயர் இன்னும் கொஞ்சம் கேட்கும். அந்த அளவு கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. 150 வரை ஏற்றும் பம்பால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 35-க்கு வர எத்தனை நிமிடம் பிடிக்கும் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பெட்டி சொல்வதில்லை.

ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். மணலில் இறங்குமுன், டயர் புதையாமல் அகலமாகப் பதிவதற்காகக் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குகிறோம். சிக்கிக்கொண்டால் 15. அதற்கும் கீழே போனால், வண்டியைச் சட்டென்று ஒடித்துத் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கொழுக்குமலைத் தடம் போன்ற கல் பாதையில் 22 முதல் 25 வரை போதும். மேலும் இறக்கினால் பக்கச்சுவர் பிதுங்கிக் கூர்கல்லில் கிழியும். இறக்குவது எளிது. ஆனால் அதே காற்றோடு சாலையில் ஏறி 80-இல் ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கும். பக்கத்து ஊர் பங்க் வரை மெதுவாகப் போய்க் காற்றடித்துக்கொள்ளலாம் என்பது, பங்க் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும்போது மட்டும் சொல்லக்கூடிய யோசனை.

இனி கணக்கு. தாருக்கு வரும் 255/65 ஆர் 18 டயருக்குள் சுமார் 65 லிட்டர் இடம் இருக்கிறது. அதை 18-இலிருந்து 35-க்கு ஏற்ற, 65-ஐ 17-ஆல் பெருக்கி, வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஆல் வகுக்க வேண்டும். வருவது 75 லிட்டர் வெளிக்காற்று. நான்கு டயருக்கு 300 லிட்டர். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்று பம்பில் எழுதியிருந்தால் 300-ஐ அதனால் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருந்தால் அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அச்சிடும் லிட்டர் பெரும்பாலும் குழாய் முனை திறந்திருக்கும்போது அளந்தது. டயரில் 30 பி.எஸ்.ஐ. எதிர்த்து நிற்கும்போது அந்த அளவு வராது. இத்தகைய வண்டிகளுக்கான துணைக்கருவிகள் செய்யும் ஏ.ஆர்.பி. நிறுவனம் தன் இரட்டை மோட்டார் பம்புக்கு இரண்டையும் அறிவிக்கிறது: எதிரழுத்தம் இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 174 லிட்டர், 29 பி.எஸ்.ஐ.யில் சுமார் 132. நல்ல பம்பிலேயே கால் பங்கு குறைகிறது என்றால், மலிவான பம்பில் பாதி போனாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

லிட்டர் கணக்கை நம்ப முடியாவிட்டால் ஆம்பியரைப் பாருங்கள். காற்றை அழுத்த மின்சாரம் செலவாகியே தீரும். 12 வோல்ட் பம்புகளில் ஒரு ஆம்பியருக்கு, 30 பி.எஸ்.ஐ.யில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 10 ஆம்பியர் பம்பு 20 லிட்டர், 30 ஆம்பியர் பம்பு 60 லிட்டர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் பம்பு ஒன்றில் “நிமிடத்துக்கு 150 லிட்டர்” என்று கண்டால் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடலாம். அந்த சாக்கெட்டின் மூடியிலேயே பல வண்டிகளில் 120 வாட் என்று போட்டிருக்கும், அதாவது 10 ஆம்பியர். ஃப்யூஸ் 15 ஆம்பியராக இருந்தாலும் 150 லிட்டருக்கு வேண்டிய மின்சாரம் அந்த வழியாக வரவே வராது.

ஆகவே மணலுக்குப் போகிறவர்களுக்குச் சாக்கெட் பம்பு சரிப்படாது. பேட்டரி முனைகளில் கிளிப் மாட்டும் வகையே வேண்டும். குறைந்தது 20 ஆம்பியர், 30 இருந்தால் நிம்மதி. கூடவே வரும் வயரையும் உரித்துப் பார்க்காத குறையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து பம்புக்கு 3 மீட்டர் தூரம், வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், ஓடுவது 30 ஆம்பியர் என்றால், போக வரச் சேர்த்து ஒன்றேகால் வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். மோட்டார் மந்தமாகும், வயர் சுடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு பாதிக்கும் குறைவு. வயரை நீட்டுவதைவிட, காற்றுக்குழாய் நீளமாக உள்ள பம்பை வாங்குவதே மேல். பின் சக்கரம் வரை எட்ட வேண்டும். ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும். பம்பின் பக்கம் இருந்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. இன்ஜினை ஓடவிட்டே காற்றடிக்க வேண்டும், திறந்த வெளியில் மட்டும்.

அடுத்தது சூடு. விவரத்தாளில் “33 சதவீதம், 100 பி.எஸ்.ஐ.” என்று இருந்தால், அந்த அழுத்தத்தில் 10 நிமிடம் ஓட்டினால் 20 நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். 35 பி.எஸ்.ஐ.யில் சுமை குறைவு என்பதால் கூடுதல் நேரம் ஓடும். ஆனால் அந்தச் சோதனை 22 டிகிரி வெப்பத்தை ஒட்டி நடப்பது. மே மாதத் தேரிக்காட்டிலோ ஜெய்சால்மர் மணலிலோ அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. தானாக அணையும் வெப்பப் பாதுகாப்பு இல்லாத பம்பில் பிஸ்டனின் டெஃப்லான் வளையம் சூட்டில் தேய்ந்து, பம்பு ஓடும், காற்று ஏறாது. தூசியும் இதே வேலையைச் செய்யும். மணல்மேல் வைத்து ஓட்டினால் அதிர்வில் பம்பு தானே குழி பறித்து இறங்கி மணலை உறிஞ்சும். வால்வுத் தகட்டுக்கு அடியில் ஒரு துகள் சிக்கினால் போதும், அழுத்தம் நிற்காது. கால்மிதியை விரித்து அதன்மேல் வையுங்கள். ஃபில்டர் பஞ்சை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

பம்பை விட்டு வெளியே வரும் காற்று கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். குழாயின் தொடக்கப் பகுதிக்காவது பின்னல் கம்பி உறை இருக்க வேண்டும். வால்வில் மாட்டும் முனை பித்தளையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நெம்புமுனை இரண்டாவது டயரிலேயே இளகி, பிடி விட்டுவிடும். திருகி மாட்டும் முனை உறுதியானது, ஆனால் கழற்றும்போது கொஞ்சம் காற்று சீறிப் போகும், அதனால் ஒரு பி.எஸ்.ஐ. கூட்டியே அடிக்கலாம். பம்பு ஓடும்போது அதன் கேஜ் காட்டுவது குழாயின் அழுத்தம், டயருடையது அல்ல. நிறுத்திவிட்டுத் தனி கேஜில் பார்க்க வேண்டும்.

பேட்டரியோடு வரும் சட்டைப்பை அளவுப் பம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 300 லிட்டரை ஏற்ற, வீணாவதையும் சேர்த்து 35 முதல் 40 வாட்-மணி மின்சாரம் செலவாகும். 7.4 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 15 வாட்-மணி. ஒரு டயருக்கு வரும், நான்குக்கு வராது. 2020-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் உள்ள டியூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது. அந்தக் கிட்டில் வரும் பம்பும் ஒரு டயரைச் சமாளிக்கத்தான்.

லடாக் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. 5,000 மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். பம்பு ஒவ்வொரு அடிக்கும் உறிஞ்சுவதும் அவ்வளவே, ஆறுவதும் மெதுவாக. இங்கே 10 நிமிட வேலை அங்கே 20 நிமிடம் ஆகும். வெளியழுத்தம் குறைவதால் கேஜ் 7 பி.எஸ்.ஐ. கூடக் காட்டலாம் என்றாலும், குளிர் அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். யாரோ சொன்னார்கள் என்று காற்றைத் திறந்துவிடாமல், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து முடிவு செய்யலாம். அங்கே அடித்த காற்றோடு சமவெளிக்கு வந்தால் டயரில் குறைந்திருக்கும்; இறங்கியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

ரிம்மை விட்டுக் கழன்ற டயரை உட்காரவைக்கச் சின்னப் பம்பால் பொதுவாக முடியாது. ஒரேயடியாகக் காற்று பாய வேண்டும். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு, டயரைச் சுற்றி இறுக்குப் பட்டை கட்டி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் 60 லிட்டர் பம்பில் சில நேரம் கைகூடும். 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. ஸ்ப்ரே அடித்து நெருப்பு வைத்து டயரை உட்காரவைக்கும் வீடியோக்களைப் பார்த்து யாரும் இறங்க வேண்டாம்.

லாரிக்காரர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். ஏர் பிரேக்குக்கான கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கிறது. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பம்பை மாட்டினால் புகைதான் வரும்.

வாங்குகிறவர்கள் கடை வாசலிலேயே சோதிக்கலாம். ஸ்டெப்னியை 18-க்கு இறக்கி, 35-க்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 75-ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால் வருவதே பம்பின் உண்மையான அளவு. 2 நிமிடம் என்றால் 37 லிட்டர், தாராளமாக வாங்கலாம். 4 நிமிடத்தைத் தாண்டினால், கைக்கு அடக்கமாக இருந்தாலும் வேண்டாம். சோதிக்க விடாத கடையில் ஆம்பியரையாவது கேளுங்கள்.

பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் விலையையும் தயாரிப்பாளர் முகவரியையும் கட்டாயமாகப் போடச் சொல்கின்றன. இந்தப் பம்புகளின் பெட்டியில் 30 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை ஆம்பியர், எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடும் என்ற மூன்றையும் சேர்த்துப் போடச் சொல்ல நுகர்வோர் துறை முன்வர வேண்டும். அதுவரை, உங்கள் வாகனப் பக்கத்தில் கம்ப்ரசர்களை ஒப்பிட்டுப் பட்டியல் வெளியிடும்போது உச்ச பி.எஸ்.ஐ. காட்டும் நிரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த மூன்றையும் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டயர் மற்றும் நான்கு சக்கர இயக்க வண்டிப் பணிமனையினர்,
கோயம்புத்தூர்