உஸ்குதார் கரைக்கும் போயிருக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் இஸ்தான்புல் பயணக் கட்டுரை சுலைமானியே, நீலப் பள்ளிவாசல் இரண்டோடு முடிந்துவிட்டதில் எனக்கு வருத்தம். எமினோனுவில் படகேறி எதிர்க்கரையில் உஸ்குதாரில் இறங்கினால், கொஞ்ச தூர நடையில் ஷெம்ஸி பாஷா பள்ளிவாசல். ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினானின் கைத்திறன் முழுசாகத் தெரிவது இந்தச் சின்னக் கட்டடத்தில்தான் என்பேன்.

சுலைமானியேயைக் கட்டிய அதே சினான், தொண்ணூறை நெருங்கும் வயதில், 1580-81இல் கட்டியது இது. அங்கே குவிமாடத்தின் விட்டம் 26 மீட்டருக்கு மேல்; இங்கே சுமார் 8 மீட்டர். கிடைத்ததோ கடலோரத்தில் ஒரு துண்டு நிலம். கரை ஒரு திசையில் ஓடுகிறது, கிப்லா, அதாவது தொழுகையில் முகம் நோக்கும் மக்காவின் திசை, வேறு பக்கம். சினான் கரையைப் பொருட்படுத்தாமல் பள்ளிவாசலைக் கிப்லா பார்த்துச் சாய்வாக நிறுத்திவிட்டார். மதரஸா எனும் சமயக் கல்விக்கூடத்தின் அறைகளை 'ட' வடிவில் இரண்டு பக்கம் வளைத்தார். கடல் பக்கம் மட்டும் அறை ஏதும் வைக்காமல் ஒரு மதிலை எழுப்பி, அதில் கம்பி போட்ட ஜன்னல்கள் வைத்தார். முற்றத்தில் நின்றால் ஒவ்வொரு ஜன்னலிலும் பொஸ்பரஸ் நீரிணையின் ஒரு துண்டு தெரியும், நடுவே கப்பலும் போகும். நான் அங்கிருந்து நகர மனமில்லாமல் நின்றேன்.

அப்புறம் அந்த அடக்கத்தலம். ஒட்டோமான் பெரிய மனிதர்களின் அடக்கத்தலங்கள் பெரும்பாலும் பள்ளிவாசலை விட்டுத் தள்ளித் தனிக் கட்டடமாக நிற்கும். இதைக் கட்டச் சொன்னவரும் 1580இல் காலமானவருமான ஷெம்ஸி அஹ்மத் பாஷாவுடையது தொழுகைக் கூடத்தோடு ஒட்டியே இருக்கிறது. இடையில் ஒரு கம்பித் தடுப்புதான். உள்ளே ஓதுவது அவர் கபுருக்கும் கேட்கும். இடநெருக்கடியை இவ்வளவு அன்பாகப் பயன்படுத்திய வேறொரு கட்டடத்தை நான் பார்த்ததில்லை.

உள்ளூரில் இதற்குப் 'பறவை உட்காராத பள்ளி' என்று பெயர். நீரிணையின் காற்று பறவைகளை அண்டவிடாதாம். பாழடைந்து கிடந்ததை 1940களில் சீரமைத்தார்கள். மதரஸா பிற்பாடு நூலகமானது. சில ஆண்டுகளுக்கு முன் கரையை அகலப்படுத்தக் கடலில் தூண்கள் இறக்கியபோது அங்கே எதிர்ப்புக் கிளம்பியது. நியாயமான எதிர்ப்பு. கடலைத் தள்ளி வைத்துவிட்டால் அந்த ஜன்னல்களுக்கு என்ன வேலை?

இதன் தரைத்தள வரைபடத்தை அடுத்த இதழில் அரைப் பக்கத்திலாவது வெளியிடுங்கள். சாய்வாக நிற்கும் அந்தச் சதுரத்தை வாசகர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்