அம்மாவுக்கு, லைப்சிக்ல இருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சல் வந்து 3 வாரம் ஆச்சு, பருப்புப்பொடி பாதி காலியாயிருச்சு, உள்ள வெச்சிருந்த உன் லெட்டருக்குத்தான் இன்னும் பதில் போடல. கோவிச்சுக்காதம்மா, நைட் டூட்டி முடிஞ்சு வந்து உக்காந்தா கண்ணு சொக்கிருது. போன்ல பேசலாம்னா அப்பா பக்கத்துலயே இருக்காங்க, சிலதப் பேச முடியல.

வீட்டுக்கு என்னென்ன சாமான் வாங்கிப் போட்டிருக்கன்னு மேலத்தெரு அத்தை கேட்டாங்கன்னு எழுதியிருந்த. ஜெர்மனின்னா வீடு நெறைய மெஷின் இருக்கும்னு அத்தைக்கு நெனப்பு. நான் வாடகைக்கு வீடு பாக்கப் போனப்ப சமையக்கட்டுல ஒண்ணுமே இல்லம்மா, செவுத்துல ஒரு தண்ணிக் குழாய், அடுப்புக்கு ஒரு கரண்ட் கனெக்‌ஷன், அவ்வளவுதான். முன்ன குடியிருந்தவங்க ஷெல்ஃப், சிங்க், அடுப்பு எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிருந்தாங்க, பல்பக் கூட விடல, ஒயர் மட்டும் தொங்குச்சு. இங்க அது வழக்கம்தானாம். இந்த நாட்டுல பாதிப் பேர் வாடகை வீட்டுலதான் இருக்காங்க, நம்ம தெருவுல ஓட்டு வீடானாலும் எத்தன பேருக்கு சொந்தம், யோசிச்சுப் பாரு. ஃபேன் கெடையாது, ஏசி கெடையாது, ஜன்னலுக்கு ஜன்னல் கீழ ஹீட்டர் மட்டும் உண்டு. நான் ஒரே ரூம்லதான் போடுறேன், எனக்கு அது போதும். ரெண்டு தட்டு கரண்ட் அடுப்பு ஒண்ணு பழசு வாங்கிட்டேன், பாத்திரத்த குளிக்கிற ரூம்லயே கழுவிக்கிறேன், இத அப்பாகிட்ட சொல்லாத.

மேல் வீட்டுப் பாட்டியப் பத்தி போன்ல சொன்னேன்ல. வெளிய பனி கொட்டுது, அவங்க காலைல எல்லா ஜன்னலயும் தொறந்து போட்டு மெத்தப் போர்வைய வெளிய தொங்க விடுவாங்க. ஒருநாள் எங்கதவ தட்டி ஏதோ வேகமா பேசுனாங்க, சண்டைக்கு வந்துட்டாங்கன்னு பயந்துட்டேன், அப்புறம் பாத்தா நீ ஜன்னல தொறக்கறதே இல்ல, செவுத்துல பூஞ்சை புடிச்சிரும்னு சொல்லித் தர வந்திருக்காங்க. அவங்க கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்துல வளந்தவங்க. அப்பல்லாம் ட்ராபான்ட் காருக்குப் பேர் குடுத்துட்டு 10 வருஷத்துக்கு மேல காத்திருக்கணுமாம், மேற்குல சொந்தக்காரங்க இருந்தா காபித்தூளும் சாக்லேட்டும் பார்சல்ல வருமாம், இப்ப நம்ம வீட்டுக்கு நான் அனுப்புற மாதிரியே. 1990ல ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணானதும் ஜனங்க பழைய சாமானையெல்லாம் தெருவுல கொண்டு போட்டுட்டு மேற்கு சாமானா வாங்கினாங்களாம். பாட்டியும் அவங்க அம்மா குடுத்த பீரோவத் தூக்கிப் போட்டுட்டாங்க, இப்ப அதச் சொல்றப்ப கண்ணு கலங்குது. போடாம வெச்சது ஒரு கை மிக்ஸர்தான், ஆரஞ்சு கலர், ஆர்ஜி 28னு அதுக்குப் பேர், இன்னைக்கும் சனிக்கிழமையானா கேக்குக்கு அதுலதான் மாவு கலக்குறாங்க.

அம்மா, போன சனிக்கிழம டூட்டி முடிஞ்சு படுத்திருக்கேன், மேல அந்த மிக்ஸர் ஓடுது. அரத்தூக்கத்துல நீ சட்னி அரைக்கிறன்னே நெனச்சுட்டேன். எந்திரிச்சு உக்காந்து ரொம்ப நேரம் அழுதேன். 2011ல ஜெயலலிதா அம்மா ஆட்சில மிக்ஸி கிரைண்டர் ஃபேன் குடுத்தாங்களே, நீ கார்ட எடுத்துட்டுப் போய் வெயில்ல நின்னு வாங்கிட்டு வந்து, பெட்டியப் பிரிக்காம ரெண்டு நாள் சாமி படத்துக்கிட்ட வெச்சிருந்த. அதுக்கு முன்னாடி உங்கை அம்மில எப்படிக் காச்சுப் போயிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.

வார்டுல எங்கூட இருக்குற பிலிப்பைன்ஸ் அக்கா வீட்டு ஃபோட்டோ காட்டுனாங்க. குளிக்கிற எடத்துல நம்ம வீட்டு மாதிரியே பிளாஸ்டிக் மக்கு, அத தாபோன்னு சொல்றாங்க, மூலைல தென்ன ஈர்க்கு வெளக்கமாறு! இங்க ஒரு வீட்டுலயும் மக்கு கெடையாது. அந்தக்கா ரூம்ல பெரிய அட்டப்பெட்டி ஒண்ணு எப்பவும் இருக்கும், சோப்பு, துண்டு, காபின்னு மாசக்கணக்கா சேத்து கப்பல்ல ஊருக்கு அனுப்புவாங்க. நாங்க ரெண்டு பேரும் காலி பாட்டில் சேத்து கடை மெஷின்ல போடுவோம், ஒண்ணுக்கு 25 சென்ட் திரும்பக் கெடைக்கும், 8 பாட்டில் போட்டா 2 யூரோ, அரிசிக்கு ஆகும். சும்மா பொழுதுபோக்குக்குத்தான்.

சின்னவ சீர் லிஸ்ட் பாத்தேன். டபுள் டோர் ஃப்ரிட்ஜ், சோபா செட், வாஷிங் மெஷின். மாப்ள வீட்டுல வாயத் தொறந்து கேக்கல, அத்தை சொன்னாங்கன்னு நீயா எழுதுனது தான? கட்டில், பீரோ, பாத்திரம், ஒரு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் போதும்மா. வாஷிங் மெஷின் நான் அடுத்த வருஷம் வாங்கித் தரேன்னு அவகிட்ட சொல்லு. சீட்டத் தள்ளி எடுக்காத, கடைல தவணைக்கும் போகாத. இந்த மாசம் பணம் கொஞ்சம் கம்மியா வந்திருக்கும், என் நர்ஸ் படிப்ப இங்க ஏத்துக்கிற பேப்பர் இன்னும் வரல, அது வந்ததும் சம்பளம் கூடும், நீ ஒண்ணும் யோசிக்காத. தம்பிய பைக் கேக்க வேண்டாம்னு சொல்லு. அப்பா பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?

இன்னொண்ணு. அந்த மிக்ஸிய எடைக்குப் போடப் போறேன்னு எழுதியிருந்தியே, போட்றாதம்மா. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரிப்பேர் கடைல பிளேடு மட்டும் மாத்தி வை. இங்கயும் 230 வோல்ட்தான், பிளக்க மாத்திட்டா ஓடும், கல்யாணத்துக்கு வர்றப்ப நான் எடுத்துட்டு வந்துர்றேன்.

உன் பெரியவ