உருகாத திடப்பொருளையே எத்தனை நாள் நடத்துவது? எம்.எஸ்சி. இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

திடநிலை இயற்பியல் தாளில் அணுக்களைப் பந்துகளாகவும் பிணைப்புகளைச் சுருள்வில்லாகவும் வைத்து ஃபோனானை (படிக அதிர்வின் குவாண்டத்தை) வருவிக்கிறோம். திடப்பொருளின் வெப்ப ஏற்புத்திறனை விளக்கும் டிபை மாதிரியோடு அலகு முடிந்துவிடுகிறது. அந்தச் சுருள்வில் துல்லியமான சீரிசை இயக்கம் கொண்டது; எவ்வளவு இழுத்தாலும் விசை நீட்சிக்கு நேர்விகிதத்திலேயே இருக்கும். அதனால் ஆன திடப்பொருள் சூட்டில் விரியாது, எவ்வளவு சூடேற்றினாலும் உருகாது. முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். அதனால்தான், அணுக்களின் நகர்வைக் கணினியில் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியலை (molecular dynamics) ஒரு செய்முறையாகச் சேர்க்கக் கேட்கிறேன்.

பனிக்கட்டியையே எடுத்துக்கொள்வோம். பத்து லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், இரண்டாயிரம் மூவாயிரம் கெல்வினில், ஆக்சிஜன் அணுக்கள் படிகமாக அப்படியே நிற்க, ஹைட்ரஜன் அயனிகள் மட்டும் அவற்றின் ஊடே திரவம்போல ஓடும். இப்படி நடக்கும் என்று 1988-இலேயே கணினிக் கணக்கீடு சொல்லிவிட்டது. லேசர் அதிர்வலைச் சோதனைகளில் அதற்குச் சான்று கிடைத்தது 2018-லும் 2019-லும்தான். இடத்தை விட்டே கிளம்பிவிட்ட ஹைட்ரஜனை எந்தச் சுருள்வில்லில் கட்டிவைப்பது?

இந்தக் கணக்கீட்டின் அடிப்படை ஒன்றும் மாயமில்லை. ஒவ்வோர் அணுவின் மீதும் உள்ள விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் இரண்டாம் விதியால் அதைச் சிறிது நகர்த்தி, மறுபடி விசையைக் கணக்கிடுவதுதான். ஹைதராபாத்தில் பிறந்த இயற்பியலாளர் அனீசுர் ரஹ்மான் 1964-இல் 864 ஆர்கான் அணுக்களை இப்படித்தான் கணினியில் ஓடவிட்டார். பிறகு இத்தாலிய இயற்பியலாளர் பரினெல்லோவுடன் சேர்ந்து, அணுக்கள் இருக்கும் பெட்டியின் வடிவமும் அழுத்தத்துக்கேற்ப மாறும்படி செய்தார். அழுத்தினால் ஒரு படிகம் இன்னொன்றாக மாறுவதைக் கணினியில் பார்க்க வழி பிறந்தது அதனால்தான். அமெரிக்க இயற்பியல் கழகம் அவர் பெயரில் பரிசே வழங்குகிறது. நம் பாடத்திட்டத்தில் அவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

கணினி வசதி இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். அந்த 864 அணுக்களுக்கு இன்று சாதாரண மடிக்கணினி தாராளம். இந்தக் கணக்கீட்டைச் செய்யும் லாம்ப்ஸ் (LAMMPS) மென்பொருளும் இலவசம். ஆர்கானைச் சூடேற்றி, சராசரி இருமடி இடப்பெயர்ச்சியை (அணுக்கள் தொடங்கிய இடத்திலிருந்து நகர்ந்த தூரத்தின் வர்க்கச் சராசரியை) நேரத்துக்கு எதிராக வரையச் சொல்லுங்கள். திடமாக இருக்கும்வரை கோடு மட்டமாகக் கிடக்கும், உருகியதும் ஏறிக்கொண்டே போகும். சாதாரண அழுத்தத்துக்குப் பொருத்திய விசைச் சமன்பாடு மிகை அழுத்தத்தில் பொய்க்கலாம் என்பதையும் கூடவே சொல்லித்தர வேண்டும். வண்ணப் படத்தைப் பார்த்ததும் நம்பிவிடும் பழக்கம் ஆசிரியர்களிடமும் உண்டு!

இதற்கு இடம் வேண்டுமென்றால், ஈரணுச் சங்கிலியின் (இரு வகை அணுக்கள் மாறி மாறி வரும் ஒற்றை வரிசையின்) நீண்ட வருவித்தலைக் குறைக்கலாம். மாதிரிச் செய்முறைக் குறிப்பைத் துறைத் தலைவர் வழியாக அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திடநிலை இயற்பியல் நடத்தும் ஓர் ஆசிரியர்