வேளாங்கண்ணிக்குப் போகும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து, பங்கில் பல ஆண்கள் வழக்கம்போல நாற்பது நாளைக்குக் குடியை நிறுத்தியிருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின இரவு பாஸ்கா பூசை முடிந்த கையோடு என்ன ஆகும் என்பது உனக்கும் தெரியும். அந்தக் கவலையோடுதான் உன் தம்பியின் குடியைப் பற்றி எழுதுகிறேன்.

மாதா முன் நின்று "சாகும்வரை தொடமாட்டேன்" என்று நேர்ந்துகொள்ளப் போகிறான் என்கிறாய். அவன் மனசு உண்மைதான். ஆனால் விடிந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அந்த நிலையில் இருப்பவன் வேளாங்கண்ணி பஸ் ஏறும் முன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வாந்தியும் வரும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊருகிறது என்பான், இல்லாத ஆளோடு பேசுவான். நம் ஊர்களில் இதைப் பார்த்ததும் பேய் என்று நினைத்து ஜெபக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்த நேரத்தில் மருத்துவம் கிடைக்காவிட்டால் ஆள் செத்துப் போகலாம். ஜெபிக்க வேண்டும்தான், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள்.

இன்னொன்று. சின்ன கிளினிக்கில் "தெம்பில்லை" என்று சொல்லிக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிவிட்டு வராதீர்கள். தினமும் குடிப்பவன் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல். அப்படிப்பட்டவர்கள் உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப் போயிருக்கும். குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ அதை ஊசியாகக் கொடுக்காவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேள். வழி தெரியவில்லை என்றால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய். சாம்பாரில் ரகசியமாகக் கலந்து கொடுக்கும் மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று உன் தம்பி மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. அது டைசல்பிராம் என்ற மருந்து, அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவன் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில், கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் அதைத் தொடங்க வேண்டும்.

இனி நேர்ச்சைக்கு வருகிறேன். டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட்டைப் பற்றி அவனுக்குச் சொல். 1856-இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ஒயின் வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே குடிக்கப் பழகினார். 1884-இல் ஒரு சனிக்கிழமை, கையில் காசில்லாமல் கடை வாசலில் நின்றபோது கூட்டாளிகள் ஒருவரும் வாங்கித் தரவில்லை. அன்றைக்கே பாவசங்கீர்த்தனம் செய்து, குடிக்கமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தார், அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும். அது முடிந்ததும் புதுப்பித்தார். ஆயுளுக்கு என்று எடுத்தது அதற்குப் பிறகுதான். 1925-இல் பூசைக்குப் போகும் வழியில் விழுந்து இறக்கும்வரை 41 வருஷம் தொடவில்லை.

உன் தம்பியும் மூன்று மாதத்துக்கு நேர்ந்துகொள்ளட்டும். "சாகும்வரை" என்று சொன்னவன் ஒரு நாள் சறுக்கினால், சத்தியமே போய்விட்டது, இனி என்ன என்று முழு பாட்டிலையும் திறந்துவிடுவான். பாலைவனத்தில் இஸ்ரயேலருக்கு உணவாகக் கொடுத்த மன்னாவைக்கூட அன்றன்றைக்குத்தானே பொறுக்கச் சொன்னார் ஆண்டவர். மறுநாளைக்கு எடுத்து வைத்தது புழுத்துப் போனது (விடுதலைப் பயணம் 16:20).

டால்பட் சட்டைப் பையில் காசு வைத்துக்கொள்வதையே விட்டவர். கூலி வாங்கும் நாளில் நீயோ அவன் மனைவியோ கூடப் போங்கள். ஏடிஎம் கார்டு அவளிடம் இருக்கட்டும். வேலை முடிந்து ஐந்தரை மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட வை, பசியும் களைப்பும் சேரும்போதுதான் கால் கடைப்பக்கம் திரும்பும். தவிப்பு வந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த அரை மணியை ஒரு ஜெபமாலையோ, உன்னோடு போன் பேச்சோ, கோயில் வரைக்கும் ஒரு நடையோ கடத்திவிடும். தூக்கம் சீராகப் பல வாரம் ஆகலாம். "தூங்க மட்டும் ஒரு பெக்" என்று அவன் கேட்கும் காலம் அதுதான், இரண்டு வாரத்தில் குணமாகிவிட்டான் என்று வீட்டார் நம்பிவிடுவதும் அப்போதுதான்.

சறுக்கினால்? சீனாவின் புனித மார்க் ஜி தியான்சியாங்கை நினைத்துக்கொள். மருத்துவர் அவர். வயிற்று நோய்க்கு எடுத்த அபினிக்கு அடிமையானார். ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டதால் பாவமன்னிப்பு மறுக்கப்பட்டு, முப்பது வருஷம் நற்கருணை இல்லாமலே பூசைக்கு வந்துகொண்டிருந்தார். பழக்கம் கடைசிவரை விடவில்லை. 1900-இல், வெளிநாட்டவரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்து எழுந்த பாக்ஸர் கலகத்தில் குடும்பத்தோடு பிடிபட்டபோது, தன் வீட்டார் யாரும் தனியாகச் சாகக் கூடாது என்று, தன்னைக் கடைசியாக வெட்டும்படி கேட்டுக்கொண்டார். 2000-ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அந்தக் காலத்துச் சாமியார்களுக்கு அது ஒரு நோய் என்று தெரியாது. இன்று நமக்குத் தெரியும். எனவே அவன் மறுபடி குடித்துவிட்டால் அன்றைக்கே டாக்டருக்கும் பங்குத்தந்தைக்கும் சொல்லுங்கள். திட்டிக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்துவிடாதே.

எந்த ஆஸ்பத்திரியில் சேர்க்கிறீர்கள் என்று முடிவானதும் எழுது. ஈஸ்டர் அன்று அவனைச் சொந்தக்காரர் விருந்துக்கு அனுப்பாமல் குடும்பத்தோடு இங்கே கூட்டி வா. எங்கள் வீட்டில் அன்று யாரும் குடிக்கமாட்டார்கள். மீன் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்