கொலாப் 1996லயா ஆரம்பிச்சுது?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு பதிப்புல ஸ்ட்ரீட்வேர் (எளவட்டங்க தெருவுல போடற ஸ்டைல் உடுப்பு) கம்பெனிங்களும் ஸ்கேட்போர்டு சப்பாத்து கம்பெனிங்களும் ரெண்டு பேரையும் போட்டு சேந்து விடற கொலாப் பத்தி ஒரு பக்கம் வந்துச்சு, நல்லாதான் இருந்துச்சு, ஆனா 1996ல சுப்ரீம்ங்கற ஸ்ட்ரீட்வேர் கம்பெனியும் வேன்ஸ்ங்கற சப்பாத்து கம்பெனியும் சேந்ததுலேருந்துதான் கதையே ஆரம்பிக்குதுங்கற மாதிரி எழுதிட்டாங்க, அதுதான் எனக்கு ஒப்பல.

அதுக்கு இருவது வருசம் முன்னாடி, 1976லயே டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டான்னு ரெண்டு ஸ்கேட்டருங்க சொன்னத கேட்டுத்தான் கணுக்கால சுத்தி மெத்து வச்சு வேன்ஸோட எராங்கற சப்பாத்து வந்துச்சு. அடுத்த வருசம் வந்த ஓல்ட் ஸ்கூல்ங்கற சப்பாத்துல முனையிலயும் குதிகால்லயும் தோல் வச்சாங்க, வெறும் கேன்வாஸா இருந்தா அங்கதான் மொதல்ல பிஞ்சிக்கும். ஹாஃப் கேப்ங்கற வேன்ஸ் சப்பாத்து கதை இன்னும் வேடிக்கை: ஸ்டீவ் கபயேரோங்கற ஸ்கேட்டர் பேர்ல வந்த ஒசரமான சப்பாத்த பசங்களே வெட்டி, டேப் சுத்தி குட்டையாக்கி போட்டுக்கிட்டு திரிஞ்சானுங்க, கம்பெனி அத பாத்துட்டு 1992ல குட்டையாவே செஞ்சு வித்துச்சு. கொலாப்னா இதுதான்லா!

இப்ப வர்றதுல முக்காவாசி அதே அடி, அதே தையல், ஓரத்துல இன்னொருத்தன் பேரு, வெல மட்டும் ரெண்டு மூணு மடங்கு. (அழகா இருக்குங்கறத நான் இல்லேன்னு சொல்லல, 2005ல நியூயார்க்ல 150 சோடி மட்டும் விட்ட புறா படம் போட்ட நைக்கி டங்க் சப்பாத்து எனக்கும் புடிக்கும், அதுக்கு கடை வாசல்ல போலீஸ் வர்ற அளவுக்கு கூட்டம்.)

எங்கக்கா மவன் புக்கிட் பிந்தாங்ல ஒரு ரீசேல் கடைல (வாங்குனத மறுபடி விக்கிற கடை) அறுநூறு வெள்ளி, அதான் ரிங்கிட், குடுத்து கொலாப் சப்பாத்து ஒண்ணு வாங்குனான். "போட்டா வெல போயிடும் மாமா"ன்னு டப்பாவோட அலமாரில வச்சுட்டான், எங்கம்மா தோட்டத்துல கித்தா (ரப்பர்) மரம் சீவுனவங்க, ரப்பர் அடி தேயறதுக்குத்தானடா இருக்குன்னு திட்டிக்கிட்டே இருந்தாங்க. எட்டு மாசம் கழிச்சு தொறந்தா நம்மூரு ஈரத்துக்கு ஸ்வேட் தோல் பூரா பூசணம். இப்ப விக்கவும் முடியல, போட்டுக்க மனசும் வரல.

அடுத்த தடவ கடைக்காரங்கள மட்டும் கேக்காம சாயந்தரமா ஒரு ஸ்கேட் பார்க்குக்கு நிருபர அனுப்புங்க, எந்த சப்பாத்து எங்க பிய்யுதுன்னு பசங்க கழட்டியே காட்டுவானுங்க. என்னோடது எப்பவும் எடது கால், சுண்டுவெரல் பக்கம்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகன்,
கோலாலம்பூர்