ஹோல்ஸ்ட்டை எடு, நெப்டியூனை விடு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் சேர்ந்திசைக் குழு இருபது பெண்களாக வளர்ந்திருப்பதைப் படித்து மனம் நிறைந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் எழுதிய ‘கிரகங்கள்’ என்ற ஆர்கெஸ்ட்ரா தொகுப்பிலிருந்து ‘நெப்டியூன்’ பாடலாமா என்று கேட்டிருந்தாய். ஹோல்ஸ்ட்டை எடு. நெப்டியூன் மட்டும் வேண்டாம்.

அதில் குழுவுக்கு வேலை கடைசிப் பகுதியில்தான். சொல் கிடையாது, ஆளும் தெரியக் கூடாது. பக்கத்து அறையில் நின்று பாட வேண்டும். கடைசி அளவை, அதாவது இசைத்தாளின் கடைசித் தாளக் கட்டத்தை, ஒலி தேய்ந்து மறையும்வரை திரும்பத் திரும்பப் பாடும்போது அந்த அறையின் கதவைச் சத்தமில்லாமல் மெல்ல மூட வேண்டும் என்று ஸ்கோரிலேயே எழுதி வைத்திருக்கிறார். இரண்டு குழு, ஒவ்வொன்றிலும் மூன்று குரல், ஆக ஆறு பிரிவு. இருபது பேரை ஆறாகப் பிரித்தால் பிரிவுக்கு மூன்று பேர். ஒருத்திக்குத் தொண்டை கட்டினால் அந்தப் பிரிவே ஆட்டம் காணும். நான்கு புல்லாங்குழல், ஆறு ஹார்ன், இரண்டு ஹார்ப், செலஸ்டா, ஆர்கன் என்று விரியும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவாய்? வலது கையில் நரம்பு வலி இருந்ததால் அவர் அந்தத் தொகுப்பை முதலில் இரண்டு பியானோவுக்குத்தான் எழுதினார். நெப்டியூனை மட்டும் ஆர்கனுக்கு. ஆனால் அதன் ஒலி நிறம் முழுவதும் ஆர்கெஸ்ட்ராவில்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஏற்றது அவருடைய ‘சாவித்திரி’. அரை மணி நேர ஓபரா, பாத்திரங்கள் மூன்றே. சாவித்திரி சொப்ரானோ (பெண்ணின் உச்சக் குரல்), சத்தியவான் டெனர் (ஆணின் மேல் குரல்), ‘சாவு’ என்ற பாத்திரம் பாஸ் (ஆணின் அடிக் குரல்). பன்னிரண்டு வாத்தியக்காரர்கள் போதும்: இரண்டு தந்திக் குவார்ட்டெட் (நால்வர் குழு), ஒரு டபுள் பாஸ், இரண்டு புல்லாங்குழல், ஒரு இங்கிலிஷ் ஹார்ன் (பெயர்தான் ஹார்ன், ஓபோ இனத்து நாணல் வாத்தியம்). மறைவில் பெண்கள் குழு.

இவ்வளவு சிறிதாக எழுத அவர் வந்து சேர்ந்த வழியைத் தெரிந்துகொண்டால் ஒத்திகையில் உதவும். 1899 முதல் 1906 வரை ‘சீதா’ என்று மூன்று அங்க ஓபரா ஒன்றை எழுதினார். முழுக்க ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பாணி, பெரிய ஆர்கெஸ்ட்ரா, பெரிய குரல்கள். ரிக்கோர்டி என்ற இசைப் பதிப்பு நிறுவனத்தின் போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவரே அதை ஒதுக்கிவிட்டார். இடையில் ஓபரா குழுவிலும் ஆர்கெஸ்ட்ராவிலும் டிராம்போன் வாசித்துப் பிழைத்தார். 1905-இல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியரானார். 1934-இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. கையில் இருக்கும் ஆட்களுக்கு ஏற்ப எழுதும் பழக்கம் வகுப்பறையில் படிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ‘சாவித்திரி’ 1908-இல் எழுதியது. மேடை ஏற 1916 டிசம்பர் 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கதை நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் மகாபாரதத்தில் உள்ளதைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். மாமனாரின் பார்வை, ராஜ்யம், நூறு பிள்ளைகள் எதுவும் இல்லை. யமன் என்ற பெயரும் இல்லை, வெறும் ‘சாவு’. உனக்கென ஒரு வரம் கேள், சத்தியவானுக்காகக் கேட்கக் கூடாது என்கிறது சாவு. வாழ்க்கை வேண்டும் என்கிறாள் சாவித்திரி. கொடுத்த பிறகுதான் அவன் இல்லாமல் அது வாழ்க்கையே ஆகாது என்பது சாவுக்கு விளங்குகிறது. ஹோல்ஸ்ட் சமஸ்கிருத அறிஞர் மேபல் போடிடம் அந்த மொழியைக் கற்றவர், ஆங்கில வசனத்தைத் தானே எழுதினார்.

இனி ஒத்திகைக்கு வருகிறேன். தொடக்கம்தான் ஆபத்தான இடம். முன்னிசை இல்லை, வாத்தியமே இல்லை. மேடைக்கு வெளியே இருந்து பாஸ் தனியாகத் தொடங்குகிறார், பிறகு சாவித்திரி சேர்கிறாள். இருவருக்கும் ஒரே ‘ஸ’ கிடையாது. ஆளுக்கு ஒரு ஆதார சுருதியில் ஒரே நேரத்தில் பாடுவதுபோல் எழுதியிருக்கிறார். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது கடினம். சில அளவுகளுக்குள் சொப்ரானோ பாஸின் சுருதிக்குச் சரிந்துவிடுவாள், அல்லது இருவரும் சேர்ந்தே இறங்குவார்கள். அப்போது யாருக்கும் தெரியாது. வாத்தியங்கள் நுழையும் இடத்தில் அப்பட்டமாகத் தெரியும். முதல் வாரம் இருவரையும் தனித்தனியே, அவரவர் ஆதாரத்தைத் தம்புராப் பெட்டியில் வைத்துப் பாடச் சொல். இரண்டாம் வாரம் பெட்டியை அணைத்துவிட்டு எதிரெதிரே நிற்க வை. நிகழ்ச்சியன்று பாஸின் காதருகே ட்யூனிங் ஃபோர்க் போதும். பியானோவில் சுருதி தட்டினால் அந்த இருட்டு போய்விடும்.

மறைவுக் குழு சொல் இல்லாமல், ஆங்கில ‘சன்’ என்பதில் வரும் உயிரொலியில் பாட வேண்டும் என்பது அவர் குறிப்பு. அது நம் ‘அ’தான், குறில். பாடகிகள் பழக்கத்தில் ‘ஆ’ என்று வாயைத் திறப்பார்கள். உடனே ஒலி பளிச்சென்று முன்னால் வந்து, மறைந்திருப்பதற்கே பொருள் இல்லாமல் ஆகும். ‘அம்மா’ என்பதன் முதல் எழுத்தை நீட்டச் சொல், பிடிபட்டுவிடும்.

இன்னொரு கோளாறு தாமதம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. குழு 17 மீட்டர் தள்ளி நின்றால் வாத்திய ஒலி அங்கே போக ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு, அதைக் கேட்டுப் பாடிய குரல் திரும்பி வர இன்னொரு பங்கு. காதை நம்பினால் எப்போதும் பின்தங்குவார்கள். கதவிடுக்கு வழியாக உன் கையைப் பார்க்கும் ஒரு துணைக் கண்டக்டரை உள்ளே நிறுத்து. கேமராவும் திரையும் வைத்தால் வயர் இழுத்து வை. வயர்லெஸ் படம் தானும் தாமதிக்கும்.

இங்கிலிஷ் ஹார்ன் கிடைக்காது என்று எழுதுவாய், தெரியும். பி ஃபிளாட் கிளாரினெட் போதும், வீச்செல்லை பொருந்துகிறது. தாளில் இங்கிலிஷ் ஹார்னுக்கு எழுதியதை ஒரு நாலாம் இடைவெளி, அதாவது ‘ஸ’வுக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம், கீழே இறக்கி எழுது. இருக்கும் தாளை அப்படியே கொடுத்தால் அந்த அளவு உயரே ஒலிக்கும். இரட்டை நாணல் வாத்தியத்தின் அந்த ஏக்கம் கொஞ்சம் குறையும்தான், வேறு வழியில்லை.

திறந்தவெளியில் அல்லது சிறிய அரங்கில் நடத்தவே எழுதினார், திரையும் தேவையில்லை என்கிறார். உங்கள் ஊரில் திறந்தவெளி வேண்டாம். மைக் வைக்காமல் குழு கேட்காது. வைத்தால் தூரத்துக் குரல் ஸ்பீக்கரிலிருந்து வரும்.

அரை மணி நேரம் நிகழ்ச்சிக்குப் போதாது. முன்னால் அவருடைய ரிக் வேதப் பாடல்களின் மூன்றாம் தொகுப்பை வை. 1910-இல் பெண்கள் குரலுக்கும் ஹார்ப்புக்கும் எழுதியது: உஷஸ், நீர், வேனன், வழிப்போக்கர் என்று நான்கு பாடல்கள். பியானோவிலும் வாசிக்கலாம், ஆனால் பெடலைக் கவனி: மிதிக்காவிட்டால் வறட்சி, மிதித்தே இருந்தால் குழப்பம். சேர்ந்தொலிக்கும் சுரக்கட்டு மாறும் ஒவ்வோர் இடத்திலும் மாற்றி மிதிக்க வேண்டும்.

உன் மகன் ‘கிரகங்கள்’ தொகுப்பின் ‘செவ்வாய்’ தாளத்தில் தடுமாறுகிறான் என்றாயே. ஐந்து அடி: தகிட, தா, தா, தக, தா. ‘தகிட’ மூன்றும் ஒரே அடிக்குள், சமமாக. பிள்ளைகள் முதல் எழுத்தை நீட்டி மற்ற இரண்டை விழுங்குவார்கள். பிறகு நான்காம் அடியின் ‘தக’வையும் அதே வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். வயலினைத் தொடாமல் ஒரு வாரம் சொல்லிக் கைதட்டட்டும். வில்லின் கட்டையால் தட்டும் இடத்துக்குப் பழைய வில்லையே கொடு, நல்ல வில்லின் பூச்சு உரிந்துபோகும்.

ஹோல்ஸ்ட் இறந்து அறுபது ஆண்டு எப்போதோ கடந்துவிட்டதால் இந்தியாவில் உரிமைத்தொகை இல்லை. அவர் காலத்துப் பழைய பதிப்பை இறக்கிக்கொள். மகள் இமோஜன் 1984-இல்தான் காலமானார், அவர் திருத்திய பதிப்புகளைக் கேட்காமல் நகலெடுக்காதே. கிளாரினெட் தாளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்