அரசுப் பேருந்து ஓட்டுநர், நடத்துநர்களின் பணிநேரத்தை முழுமையாகக் கணக்கிட்டு ஊதியம் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
கிராமப்புற அரசுப் பேருந்துப் பயணிகள்
(பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் – ஓட்டுநர், நடத்துநர் ஊதியம் – பணியில் கையெழுத்திட்டது முதல் வசூலைக் கட்டி முடிப்பது வரை முழுவதையும் பணிநேரமாகக் கொள்ளுதல் – ஊதிய ஒப்பந்தங்களை உரிய காலத்தில் முடித்தல் – ஒப்பந்த ஓட்டுநர்களுக்கும் அதே தொடக்க ஊதியம் வழங்குதல் – கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இம்மனுவில் கையொப்பமிட்டுள்ள நாங்கள் எவரும் போக்குவரத்துக் கழகத்தில் பணியாற்றுபவர்கள் அல்லர். எந்தத் தொழிற்சங்கத்தின் சார்பிலும் இதை எழுதவில்லை. பள்ளி, சந்தை, மருத்துவமனை, தாலுகா அலுவலகம் என எதற்குப் புறப்பட்டாலும் அரசுப் பேருந்தையே நம்பியிருக்கும் கிராமத்தினர் நாங்கள். கைகாட்டியும் நிற்காமல் போன வண்டியைப் பற்றியும், சில்லறைக்காக நடந்த வாக்குவாதத்தைப் பற்றியும் முன்பு புகார் மனு கொடுத்தவர்களும் எங்களில் உண்டு. அந்தப் புகார்களுக்குக் காரணம் என்ன என்று விசாரித்துக்கொண்டே போனால், வண்டியை ஓட்டுபவரும் அதில் பயணச்சீட்டு கொடுப்பவரும் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், அதில் எத்தனை மணி நேரத்துக்குக் கூலி பெறுகிறார்கள் என்ற கணக்கில்தான் போய் நிற்கிறது. அந்தக் கணக்கு நியாயமாக இல்லை என்பதே எங்கள் முறையீடு.

எங்கள் ஊரில் இரவு தங்கும் ஹால்ட் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். கடைசி நடையாக இரவு பத்து மணிக்கு மேல் வந்து சேரும் அவ்வண்டி, மறுநாள் பொழுது விடியும் முன்பே முதல் நடைக்குப் புறப்பட்டுவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டிக்குள்ளேயே படுக்கிறார்கள். ஒருவருக்குக் கடைசி நீள இருக்கை, மற்றவருக்கு இருக்கைகளுக்கு நடுவே விரித்த ஜமுக்காளம், படிக்கட்டில் ஒரு கொசுவத்திச் சுருள். கழிப்பறை வசதி கிடையாது. குளிப்பது ஊராட்சிக் குழாயடியில். அன்றைய வசூல் முழுவதும் நடத்துநரின் தோல்பையில் இருக்கிறது. அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் பொறுப்பு அவருடையது என்பதால், பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவர் கண்ணயர்வதை உறக்கம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கழகத்தின் வண்டிக்கும் கழகத்தின் பணத்துக்கும் அந்த இரவு முழுவதும் காவல் இருப்பவர்கள் அவர்கள் இருவரே. அதற்குப் படி என்ற பெயரில் ஒரு சிறு தொகை கிடைக்கிறதே தவிர, அந்த நேரம் பணிநேரக் கணக்கில் ஏறுவதில்லை.

இரவுத் தங்கல் இல்லாத வண்டிகளிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. பணிமனையில் கையெழுத்திட்டபின் ஓட்டுநர் தண்ணீர், ஆயில், டயர் காற்று, விளக்கு ஆகியவற்றைப் பார்த்து வண்டியை எடுக்க வேண்டும். நடத்துநர் டிக்கெட் மெஷினையும் வேபில் எனும் பயணச்சீட்டுக் கணக்குத் தாளையும் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். கடைசி நடை முடிந்தபின் டீசல் பிடித்து, வண்டியின் பழுதுகளை எழுதிக் கொடுத்து, வசூலைக் கட்டும் சன்னலில் வரிசையில் நின்று, சில்லறையை எண்ணி ஒப்படைத்த பிறகே வீட்டுக்குப் போக முடியும். இவையெல்லாம் ஸ்டியரிங் நேரத்தில், அதாவது வண்டி ஓடும் நேரத்தில், சேராதவை. போதாக்குறைக்கு, எங்கள் வழித்தடத்துக்கு வகுக்கப்பட்ட ஓட்ட நேரம் சாலையில் இத்தனை வாகனங்கள் இல்லாத காலத்தது. ரயில்வே கேட்டிலும் முகூர்த்த நாள் நெரிசலிலும் இழந்த நிமிடங்களை ஓட்டுநர் எங்கிருந்து எடுப்பார்? பேருந்து நிலையத்தில் அவருக்குரிய ஓய்விலிருந்து எடுப்பார். அதுவும் போதாவிட்டால் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போய் எடுப்பார். நாங்கள் முன்பு கொடுத்த புகார்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இதில் நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்ததோடு, மிகைநேரப் பணிக்கு இரட்டிப்பு ஊதியத்தையும் விதித்தது. அதைவிட முக்கியமாக, வண்டி ஓடும் நேரத்துக்கு வெளியே செய்யப்படும் துணைப் பணிகளையும் வேலைநேரத்தில் சேர்த்தது. கணக்கு எழுதுதல், வசூலைக் கட்டுதல், பதிவேட்டில் கையெழுத்திடுதல், வண்டியைப் பொறுப்பேற்பதும் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவதும் ஆகிய அனைத்தும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. அச்சட்டத்தை இயற்றியவர்களுக்குப் பணிமனை எப்படி இயங்குகிறது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதன் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டுள்ள போதிலும், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏற்கப்பட்ட அளவுகோலைவிடக் குறைந்த ஒன்றை ஓர் அரசு நிறுவனம் கைக்கொள்வது தகாது என்று கருதுகிறோம்.

இனி அடிப்படை ஊதியத்துக்கு வருகிறோம். 2025ஆம் ஆண்டில் ஓட்டுநருடன் கூடிய நடத்துநர் பணியிடங்கள் 3,274க்கு அறிவிப்பு வெளியானபோது அப்பணியின் தொடக்க ஊதியம் ரூ.17,700 ஆக இருந்தது. அதே காலத்தில் அரசுத் துறைகளில் ஜீப் ஓட்டுநராகச் சேர்பவருக்குத் தொடக்க ஊதியம் ரூ.19,500. முன்னவர் கனரக வாகன உரிமம், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று ஆகியவற்றை வைத்துக்கொண்டு அறுபது எழுபது உயிர்களை ஏற்றிச் செல்பவர். பின்னவர் ஓர் அதிகாரியை அழைத்துச் செல்பவர். ஜீப் ஓட்டுநருக்குக் கொடுப்பது அதிகம் என்று நாங்கள் சொல்லவில்லை, அந்தத் தொகையில் குடும்பம் நடத்துவதும் எளிதன்று. ஆனால் பொறுப்பு கூடக் கூட ஊதியம் குறைவதற்கு என்ன நியாயம் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1982இல் நிலைநிறுத்திய ரந்தீர் சிங் வழக்கும் ஓர் ஓட்டுநர் தொடுத்ததே: டெல்லி காவல்துறையில் வாகனம் ஓட்டிய காவலர் ஒருவர், மற்ற துறைகளின் ஓட்டுநர்களுக்குக் கிடைக்கும் ஊதியம் தமக்கு ஏன் இல்லை என்று கேட்டு வென்ற வழக்கு அது.

குறைந்த ஊதியமும் உரிய காலத்தில் உயர்வதில்லை. கழகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வர வேண்டிய 13ஆவது ஊதிய ஒப்பந்தம், 2018 ஜனவரியில் ஒரு வார வேலைநிறுத்தத்தையும் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டையும் சந்தித்தது. 2019 செப்டம்பருக்குரிய 14ஆவது ஒப்பந்தம் 2022 ஆகஸ்டில் 5 சதவீத உயர்வுடன் கையெழுத்தாயிற்று. 2023 செப்டம்பருக்குரிய 15ஆவது ஒப்பந்தம் 6 சதவீத உயர்வுடன் 2025 மே மாதத்தில் முடிந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்ததை நான்காண்டாக நீட்டிய பிறகும் தாமதம் நிற்கவில்லை. ஓய்வு பெற்றவர்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. 2015 நவம்பர் முதல் ஆண்டுக்கணக்கில் அவர்களுக்கு அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டு, அதற்காக வழக்கும் நடந்தது, 2024 ஜனவரியில் வேலைநிறுத்தமும் நடந்தது. அந்த வேலைநிறுத்தங்கள் ஒவ்வொன்றிலும் நடுத்தெருவில் நின்றவர்கள் நாங்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

கழகங்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்ற பதில் வரும் என்பதை அறிவோம். பயணக் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. அது கடைசியாக உயர்த்தப்பட்டது 2018 ஜனவரியில். அன்று லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே இருந்த டீசல் இன்று 90 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருப்பதும், 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்குவதும் எங்களைப் போன்றோருக்குப் பேருதவி. இம்மனுவில் கையெழுத்திட்ட பெண்களில் பலர் அந்தப் பயணத்தால்தான் வேலைக்கே போகிறார்கள். அந்த உதவியைச் செய்வது அரசு என்றால் அதன் செலவும் அரசின் கணக்கில்தான் நிற்க வேண்டும். ஓட்டுநரின் சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டு ஈடுகட்டும் செலவாக அது இருக்கக் கூடாது. வசூலைப் பொறுத்து வழங்கப்படும் பேட்டா என்னும் படியிலும் இதே சிக்கல் இருக்கிறது. கூட்டம் நிறைந்த வண்டியில் கட்டணமில்லாச் சீட்டு கொடுப்பதற்கும் பத்து ரூபாய்ச் சீட்டு கொடுப்பதற்கும் நடத்துநருக்கு வேலை ஒன்றுதான்.

கடைசியாக, ஒப்பந்த ஓட்டுநர்கள். 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தின் பணியாளர். ஓட்டுநரோ ஒப்பந்த நிறுவனத்தால் அமர்த்தப்பட்டவர். ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இருவரில் நடத்துநருடைய ஊதியம் ஊதிய ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு எவரும் பார்க்கும்படி இருக்கிறது, ஓட்டுநருடையது அவ்வாறு இல்லை. நிரந்தரப் பணியாளரின் வேலையையே செய்யும் தற்காலிகப் பணியாளர், அந்த ஊதிய விகிதத்தின் தொடக்க ஊதியத்துக்கு உரியவர் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் கழகத்தின் ஆட்கள் அல்லர் என்று சட்ட நுணுக்கம் பேச இடம் இருக்கலாம். ஆயினும் ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே குறைந்தபட்ச ஓட்டுநர் ஊதியத்தை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. இந்த ஒப்பந்த ஓட்டுநர் முறை எங்கள் மாவட்டத்துக்கு வருவதற்கு முன்பாகவே இதைக் கேட்டுவைப்பது நல்லது என்று கருதினோம்.

எனவே, ஓட்டுநரும் நடத்துநரும் பணிமனையில் கையெழுத்திடும் நேரத்தையும் வசூலைக் கட்டி வெளியேறும் நேரத்தையும் பதிவு செய்து, அந்த முழு நேரத்தையும் பணிநேரமாகக் கொண்டு மிகைநேர ஊதியம் வழங்க எல்லாக் கழகங்களுக்கும் ஆணையிடுமாறு முதற்கண் வேண்டுகிறோம். இரவுத் தங்கலுக்கு உரிய ஊதியம் நிர்ணயித்து, தங்கும் ஊர்களில் ஓர் அறையும் கழிப்பறையும் ஏற்படுத்தித் தர வேண்டும். அறைக்கு இடம் தருவதற்கு எங்கள் ஊரில் ஆட்சேபம் இராது. வழித்தடங்களின் ஓட்ட நேரத்தை இன்றைய சாலை நிலைக்கு ஏற்ப மறு ஆய்வு செய்யவும், பேட்டா கணக்கிடும் முறையைப் பணிமனை அறிவிப்புப் பலகையில் அனைவரும் காண ஒட்டவும், தொடக்க ஊதியத்தை அரசுத் துறை ஓட்டுநருக்கு இணையாக்கவும் கோருகிறோம். நடப்பு ஒப்பந்தம் முடியும் முன்பே அடுத்த பேச்சுவார்த்தையைத் தொடங்கி, எப்போது கையெழுத்தானாலும் உரிய நாளிலிருந்தே நிலுவை முழுவதையும் வழங்க வேண்டும். தனியார் வழி அமர்த்தப்படும் ஓட்டுநர்களுக்குக் கழக ஓட்டுநரின் தொடக்க ஊதியமும் அகவிலைப்படியும் குறையாமல் கிடைக்க ஒப்பந்தத்திலேயே வழி செய்ய வேண்டும்.

இவற்றுள் ஓட்ட நேர மறு ஆய்வுக்கும் பேட்டா அறிவிப்புக்கும் கூடுதல் நிதி ஒதுக்கீடு தேவைப்படாது என்பதால் அவ்விரண்டையும் உடனடியாக எடுத்துக்கொள்ளுமாறும், ஏனையவற்றின் மீது எடுக்கப்படும் முடிவை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசுப் பேருந்துப் பயணிகள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள்